மூக்கு போன மெக்கானிக்

கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவனுக்குக் கை இரண்டாம் பட்சம், மூக்குதான் மூலதனம். ஸ்பானர் தொலைந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மூக்கு தொலைந்தால் எந்தக் கடைக்குப் போவது? எனக்குத் தொலைந்தது. கொரோனா காய்ச்சலோடு போன வாசனை இன்றுவரை திரும்பி வரவில்லை. அதை மறைத்துக்கொண்டு அடுத்தவர் அடுப்படிகளில் நான் பார்த்த வேலையும் பட்ட பயமும்தான் இங்கே எழுதியிருப்பது.

மூலக்குளத்தில் ஒரு டீக்கடையை ஒட்டி என் கடை. ஷட்டரைத் தூக்கினால் நானும் என் டூல்ஸ் பையும் நிற்க இடம் இருக்கும், அவ்வளவுதான். வாடிக்கை எல்லாம் அந்தப் பக்கத்துச் சந்துகளிலும் ரெட்டியார்பாளையத்திலும். இங்கே இருந்த மில்லை மூடியபிறகு ஆட்டோ ஓட்டப் போனவர்கள், கொத்து வேலைக்குப் போனவர்கள், கம்பெனி வேலைக்கு ஷிப்ட் வேனில் ஏறுகிறவர்கள். அடுப்படி என்றால் எட்டுக்கு ஆறு. அதற்குள்ளேயே சிலிண்டர், ஃபிரிட்ஜ், சாமி மாடம். ஜன்னல் ஒன்று இருந்தால் அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அப்படிப்பட்ட அடுப்படியில் தினமும் தீ மூட்டுகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு, ரெகுலேட்டரை மூடினோமா என்று திரும்பி ஓடிவருகிற ஜாதி.

வாசலிலேயே சொன்னது

முதலில் மூக்கு இருந்த காலத்துக் கதை ஒன்று. நான் பெருமை பீற்றிக்கொள்ள வேறு வழி இல்லை.

ரெட்டியார்பாளையத்தில் வசந்தா அக்கா என்று ஒருவர். இட்லி மாவு அரைத்து விற்கிறவர். பர்னர் சரியாக எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார். நான் கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்ததுமே, "அக்கா, பர்னர் கெடக்கட்டும், கேஸு லீக்காவுது, மொதல்ல ரெகுலேட்டர மூடுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. நடுவில் ஒரு கூடம், ஒரு பெட்ரூம், மாவு டிரம் வரிசை, அதற்கும் பின்னால் அடுப்படி. உள்ளே போய்ப் பார்த்தால் டியூப்பின் நடுவில் எலி கடித்த தடம், ஊசி முனை அளவுக்கு ஓட்டை.

கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் மனுஷனுக்குத் தெரியட்டும் என்று அந்த அழுகல் நாற்றத்தைக் கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள். என்னைப் போன்ற மூக்குக்காகவே அனுப்பிய கடிதம் அது என்று நான் நினைத்திருந்தேன். சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் வேலை என்று ஏளனம் வேறு. டியூப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது வசந்தா அக்கா வாசல்வரை வந்தார்.

"ஒன் மூக்க பத்திரமா வச்சுக்க மணி. அது போச்சுன்னா இந்தத் தெருவே போச்சு."

பேப்பர் படித்த காலை

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும். நாக்கில் ருசி இல்லை, மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான், திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. சாம்பார் மணக்கிறது என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் இன்று வரும் நாளை வரும் என்று தினமும் காலையில் காபித் தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். தும்மல்தான் வந்தது.

என் மனைவி சாந்தி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அளவு கொடுக்க வந்த ஒருத்தியோடு வாசலில் பேச்சில் இருந்துவிட்டாள். நான் அடுப்படிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். பாத்திரம் அடியோடு கரி. வீட்டுக்குள் மேகம் மாதிரி புகை. முகத்தைப் பேப்பர் மறைத்திருந்தது. கண் எரிந்ததை வெயிலின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கரிப் பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் முதல்முறையாக எனக்கு உறைத்தது. இதை வெளியே சொன்னால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? சொல்லாமல் போனால் எத்தனை வீட்டை நான் கொளுத்துவேன்? வேறு தொழில் எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் எதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது?

"பருப்பு கருவுனதே தெரியல, நீங்க போயி ஊரான் வூட்டு கேஸ எப்பிடிங்க மோந்து பாப்பீங்க?" என்றாள் சாந்தி.

சொல்லிக் கொடுத்த குச்சி

சோப்புத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். ஏளனம் செய்த வாயாலேயே, "இப்பல்லாம் இதுதான் முறை" என்று சொல்லிப் பழகினேன். டியூப்பு முனை, அடுப்புத் திருகு என்று ஒவ்வொரு இடமாக அடித்து, குமிழி வருகிறதா என்று கண்ணைக் கொட்டாமல் பார்ப்பேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே ஏற்கெனவே கேஸ் நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பதை எந்தப் பாட்டில் சொல்லும்? ஒவ்வொரு அடுப்படிக்குள்ளும் கண்ணைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் போய்க்கொண்டிருந்தேன்.

வரிசையாக ஆறு லைன் வீடுகள் இருக்கிற ஒரு சந்து. அதில் மூன்றாவது வீடு. வீட்டுக்காரர் முன்னே மில்லில் வேலை பார்த்தவர், இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். அடுப்பைக் கழுவித் தரக் கூப்பிட்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே 'சரக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், மனிதர் எரிகிற தீக்குச்சியை டியூப்பு ஓரமாக நகர்த்திக்கொண்டே வருகிறார். "ரெண்டு நாளா லேசா வாட வருது, எங்கேருந்துன்னு ஒனக்குக் காட்டுறேன்" என்றார்.

ரெண்டு நாளாக! நான் அந்த அடுப்படியில் ஐந்து நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். டியூப்பும் அடுப்பும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. நான் எப்படி எழுந்தேன், எப்படி ரெகுலேட்டரைத் திருகினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. நாக்கு அணைந்தது. "குச்சியெல்லாம் வச்சுப் பாக்கக் கூடாதுங்க, வெடிச்சிடும்" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அவர் மனைவி நியாயம் கேட்கிற குரலில் சொன்னார்:

"முப்பது வருஷமா குச்சி வச்சுதான் பாக்குறாரு, ஒரு நாளும் வெடிக்கல. நீங்கதான் மோந்து பாத்துட்டு சும்மா ஒக்காந்திருந்தீங்க."

கட்டிலில் படுத்த சிலிண்டர்

எங்கள் பக்கம் மழை பெய்தால் முதலில் நிரம்புவது குளம் இல்லை, வீடு. வாய்க்கால் எப்போதோ வீட்டு மனைக்குள் போய்விட்டதால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் ஊற்றி, சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி, சந்துகளில் முழங்கால் அளவு நின்றது. செப்டிக் டேங்க்குகள் பொங்கி வழிந்தன.

அப்போது ஒரு பெண் போன் செய்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவர். கேஸ் தீர்ந்துவிட்டதா, அடுப்பு பிடிக்கவில்லையா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். தண்ணீரை அளைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். சிலிண்டர் மிதக்கக் கூடாது என்று கட்டிலில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உருண்டு விழக்கூடாது என்று படுக்கவைத்து, தலையணை முட்டுக் கொடுத்து, மேலே போர்வையும் போர்த்தியிருந்தார்கள். ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. படுத்த சிலிண்டரில் கேஸ் தண்ணீராகவே வாய்க்கு வந்து நிற்கும். போர்வையை விலக்கியபோது வால்வைச் சுற்றிப் பனி பூத்திருந்தது, கேஸ் கசிகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் இரண்டும் அதே கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கையால் விளக்குத் திரியைப் பிடித்து அமுக்கினேன். சூடு அப்புறம்தான் தெரிந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி வெளிப்படியில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகளைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் விட்டேன். அன்றைக்கு அந்தத் தெருவில் மூக்கு இல்லாதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. எல்லாருக்கும் மூக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துப் பயம்தான் வந்தது. ஏம்மா, இவ்வளவு கேஸ் கசிந்திருக்கிறதே, ஒரு வாசனைகூடவா தெரியவில்லை என்று கேட்டேன்.

"மூணு நாளா வூட்டுக்குள்ள சாக்கடைதாண்ணே நாறுது. இதுல எந்த நாத்தம் எதுன்னு நான் எப்பிடிண்ணே பிரிச்சுப் பாப்பேன்?"

இரவல் மூக்கு

அதற்கப்புறம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வாங்கம்மா, நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் திருப்தி ஆவணும்" என்பேன். மரியாதை காட்டுகிற மாதிரியும் ஆயிற்று, அவர்கள் மூக்கை இரவல் வாங்கின மாதிரியும் ஆயிற்று. சிலருக்கு ரொம்பப் பெருமை. குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ஒண்ணும் வரலப்பா" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன், ஏதோ நானும் மோந்து பார்த்துவிட்ட மாதிரி.

இரவல் மூக்கிலும் பல ரகம். ஒருவர் மீன் குழம்பு தவிர வேறெதுவும் தெரியவில்லை என்றார். ஒருவர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டே வந்து மோந்து பார்க்கப் போனார், பாய்ந்து பிடுங்கினேன். மூலக்குளத்தில் புதிதாக வந்த ஒரு அடுக்கு வீட்டில் மட்டும் மாட்டிக்கொள்ள இருந்தேன். அங்கே ஒரு டீச்சரம்மா. இரண்டு முறை மோந்து பார்க்கச் சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு மூக்கு இருக்குறது தெரியும். ஒங்களுக்கு இருக்கான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

சொல்தா ஐயா வீட்டு காபி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் இருக்கிறவர்களை பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். ரெட்டியார்பாளையத்தில் அப்படி ஒருவர், எழுபது தாண்டியவர், மனைவி இல்லை, மகள் பிரான்சில். தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா ஐயா. வீடு பளிங்கு மாதிரி. சிலிண்டர்கூட மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கும். தீ சிறுத்து எரிகிறது என்று கூப்பிட்டார். டியூப்பு, திருகு எல்லாவற்றுக்கும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், குமிழி இல்லை. கடைசியாக ரெகுலேட்டரைக் கழற்றி, அதையும் சிலிண்டர் வாயையும் துணியால் துடைத்து மாட்டினேன். தீ நன்றாக எரிந்தது. அணைத்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினேன். "மோந்து பாருங்க ஐயா, எதுனா வருதா?" என்றேன். அவர் நிதானமாக மோந்து பார்த்தார். "ஒண்ணும் இல்ல. மெர்சி, நன்றி மணி. இரு, ஒரு காபி குடிச்சிட்டுப் போ" என்றார். அதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட, பேசிக்கொண்டே முன் அறைக்குப் போனார். நான் அடுப்படிக் கதவைத் தாண்டிப் பின்வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு காபிக்குக் காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சலை, வழக்கம்போலப் பின்வாசலுக்கு வந்தாள். தலையில் இருந்த அன்னக்கூடையை இறக்கினவள் அப்படியே நிமிர்ந்தாள். "யோவ், என்னாய்யா இது, வூடு பூரா கேஸு நாறுது!" என்றாள். நான் அந்தக் கதவுக்கு இரண்டு எட்டுத் தள்ளி நிற்கிறேன். எனக்குக் காற்று காற்றாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தேன். சொல்தா ஐயா போனை வைத்துவிட்டு வந்து, பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டார். கையில் லைட்டர்.

"ஐயா, அத அமுக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது. பட்டாளத்துப் பழக்கம், ஏன் என்று கேட்காமல் நின்றார். அந்த ஒரு பழக்கம்தான் எங்கள் மூன்று பேரையும் காப்பாற்றியது. அவரை வெளியே இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். பாம்பு மாதிரி மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. நிறுத்தி, கழற்றி, சிலிண்டரைக் கொய்யா மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தேன். எந்த ஸ்விட்சையும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் முடிந்திருக்கும். அப்புறம் படியில் உட்கார்ந்தேன். முகம் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தால், அதில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு சின்ன ரப்பர் வளையம். சிலிண்டர் வாய்க்குள் இருக்க வேண்டிய வாஷர். துடைக்கும்போது நானே பிடுங்கி நானே பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சோப்புத் தண்ணீரை அதற்கு முன்னால் அடித்து முடித்திருந்தேன்.

"நீங்க மோந்து பாத்து ஒண்ணும் இல்லன்னீங்களே ஐயா" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வாசன போயி ஆறு வருஷம் ஆவுது மணி. வயசாயிடுச்சுன்னு காட்டிக்க வெக்கம். நீ மெக்கானிக்கு, ஒனக்குத் தெரியாமலா போவும்னு தலைய ஆட்டிட்டேன்." அந்த மனிதருக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. சாந்தியைத் தவிர யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். நானும் தலையைத்தான் ஆட்டினேன் என்று சொன்னேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இத்தினி வருஷமா எம் மீன மோந்து மோந்து பாத்து பழசுன்னு திருப்பி அனுப்புனது எந்த மூக்குய்யா?"

அக்காவிடம் சொன்னது

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. வாடிக்கை வீடு ஒவ்வொன்றாகப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த வாஷரைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சொல்லத் தயங்கும்போது விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சிலர் கதவுக்குப் பின்னாலிருந்தே "அப்புறம் கூப்புடுறோம்" என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. குச்சி வைத்துப் பார்க்கிறவர் மட்டும் என் தோளைத் தட்டி, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

வசந்தா அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். தெருவே போய்விடும் என்று சொன்னவர் அவர்தான். கேட்டில் நின்றே சொன்னேன். மாவுக் கையோடு நின்று கேட்டார். போன ஆவணியில் அவர் வீட்டு அடுப்பையும் நான் இந்த மூக்கோடுதான் பார்த்தேன் என்பதும், அந்த வீட்டில் அவர் பேரப் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அன்றைக்கு அவர் என்னை உள்ளே விடவில்லை. நாலு நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"அடுப்பு மக்கர் பண்ணுது. வா. ஆனா ஒம் பொண்டாட்டியயும் கூட்டிட்டு வா, அவ மூக்கு நல்லா இருக்குல்ல?"

அன்றிலிருந்து சாந்தி என் வண்டியின் பின்னால் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள், வாசலில் அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் நான் உள்ளே கால் வைக்கிறேன், நேற்றுக் காலையிலிருந்து அவளுக்கு மூக்கடைப்பு, அதனால் கடைக்கு லீவு விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், படிக்கிற நீங்கள் தயவுசெய்து எழுந்துபோய் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.